பணத் தகராறு என்றால் அனாமத்தில் எழுதுங்கள், படத்தை நிறுத்தாதீர்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பட்டாலையில் பரப்பி உட்கார்ந்து பிரித்தேன். பாதிக்கு மேல் ஒரே சங்கதி: "ஆச்சி, ஆட்டம் நடக்கிற நேரத்தில் டெலிவிஷனில் படம் வரவில்லை." கோட்டையூரில் எங்கள் வீட்டு மாடியில் டிஷ் வைத்து 1996-ல் கேபிள் இணைப்புக் கொடுக்கத் தொடங்கினார் என் கணவர். 2009-ல் அவர் காலமான பிறகு வசூல் நோட்டு என் கைக்கு வந்தது. 2024 வரை 340 வீடுகளுக்கு நான்தான் படம் கொடுத்தேன். இப்போது என் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். அதனால் பலகாரம், சம்பந்தம், கோயில் பற்றிய கடிதங்களை எல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டேன். இம்முறை இது ஒன்றுதான்.

செக்காலை சாலையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். மாதம் பிறந்ததும் கேபிள் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவேன். போன மாதம் இந்தியா ஆடிய அன்று விளையாட்டுச் சேனல் மட்டும் வரவில்லை. கேபிள்காரத் தம்பியைக் கேட்டால், "கம்பெனிக்கும் கம்பெனிக்கும் தகராறு அண்ணே, என் கையில் ஒன்றும் இல்லை" என்கிறார். பணம் கட்டிய எனக்கு எதற்குத் தண்டனை? யார் மீது கோபப்படுவது?
– பட்டறைக்காரர், காரைக்குடி

அந்தத் தம்பி மீது மட்டும் கோபப்படாதீர்கள். அவர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

2023 பிப்ரவரி 18, சனிக்கிழமை, மகா சிவராத்திரி. டெல்லியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இரண்டாவது டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தன. கோயிலில் கண்விழித்துவிட்டு ஞாயிறு காலை வீடு திரும்பினேன். முகப்பில் இருபது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள். விளையாட்டுச் சேனல்கள் கறுப்பாகக் கிடக்கின்றன. முதல் நாள் மாலை ஒரு விக்கெட்டுக்கு 61 என்றிருந்த ஆஸ்திரேலியா, அந்தக் காலையில் 113 ரன்களுக்குச் சுருண்டது. ஜடேஜாவுக்கு 7 விக்கெட், மற்ற மூன்றும் நம் அஸ்வினுக்கு. அப்படி ஒரு காலை எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்? எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திண்ணையில் உட்கார்ந்து, செல்பேசியில் ஒருவன் எண்ணிக்கையை வாசிக்க, காதால் கேட்டார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "பணத்தை மட்டும் ஒன்றாம் தேதியே வாங்கிக்கொள்கிறீர்களே ஆச்சி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் படத்தை நிறுத்தியது நான் இல்லை. மறுபடி வரவழைக்கும் பொத்தானும் என் வீட்டில் இல்லை.

நடந்தது இதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2022 நவம்பரில் கட்டண விதிகளைத் திருத்தியது. தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் உச்ச விலை 19 ரூபாய் என்றானது. ஒளிபரப்பு நிறுவனங்கள் புதிய விலைப்பட்டியல் போட்டு, 2023 பிப்ரவரி 1 முதல் நடைமுறை என்றன. எங்களைப் போன்ற உள்ளூர்க்காரர்களுக்குப் படம் தருகிற பெரிய கேபிள் நிறுவனங்கள், விலை அதிகம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்தன. கேரள உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. கையெழுத்துப் போடாதவர்களுக்கு ஒளிபரப்பு நின்றது. நாடு முழுவதும் 4.5 கோடி வீடுகளில் படம் போனதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு அப்போது சொன்னது. ஏறக்குறைய ஒரு வாரம் இழுத்து, பிறகு சமரசமாகி, படம் வந்தது. டெல்லி டெஸ்ட் அந்த ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. போன ஆட்டம் போனதுதான்.

உங்கள் பணம் போகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். கட்டணச் சேனலுக்கு நீங்கள் கொடுக்கும் 100 ரூபாயில் குறைந்தது 20 ரூபாய் விநியோகிக்கும் கேபிள் நிறுவனத்துக்கு. ஊக்கத்தொகை என்று இன்னும் கொஞ்சம் அவர்களுக்குப் போகலாம். மீதி ஒளிபரப்பு நிறுவனத்துக்கு. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் தனி. வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத இடத்தில், அதில் 100-க்கு 45 உள்ளூர்க் கேபிள்காரருக்கு. சேனலின் விலையை அவர் நிர்ணயிக்கவில்லை. ஒளிபரப்பு நிறுவனமோ உரிமைக்குக் கொட்டிய பணத்தைத் திரும்ப எடுத்தாக வேண்டும். 2022 ஜூனில் நடந்த ஐபிஎல் ஏலத்தில், 2023 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, 410 ஆட்டங்களுக்கு, இந்தியத் தொலைக்காட்சி உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. வகுத்துப் பார்த்தேன், ஓர் ஆட்டத்துக்கு 57.5 கோடி. அந்தப் பாரம் படிப்படியாக இறங்கி, கடைசியில் உங்கள் பட்டறைக் கல்லாவில் வந்து உட்காருகிறது.

விதி இல்லாமல் இல்லை. டிராய் 2017-ல் வகுத்த விதிப்படி, ஒளிபரப்பு நிறுவனம் நினைத்தவுடன் சேனலை நிறுத்திவிட முடியாது. காரணம் சொல்லி மூன்று வாரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கும் திரையின் அடியில் எழுத்து ஓடவிட்டுத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அறிவித்துவிட்டு நிறுத்தினால் என்ன, அறிவிக்காமல் நிறுத்தினால் என்ன? ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை, பேச்சுவார்த்தைக்கு உங்களை அழைக்கவில்லை. உங்கள் திரையை மட்டும் பிணையாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் பெரிய ஆட்டம் வரும் வாரமாகப் பார்த்துத்தான் முறுக்கு ஏறுகிறது. அப்போதுதானே ஊர் கத்தும், எதிர்த்தரப்பு இறங்கிவரும்?

என் ஐயா (தாத்தா) மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடை வைத்துத் தொழில் செய்யப் போனவர். இரண்டு கூட்டாளிகளுக்குள் கணக்கு ஒத்துவராவிட்டால் கடையை அடைக்க மாட்டார்களாம். பெட்டியடியில் மேலாள் உட்கார்ந்திருப்பார், கொடுக்கல் வாங்கல் நடக்கும். தகராறான தொகையை மட்டும் பேரேட்டில் அனாமத்து என்று தனியாக எழுதிவைப்பார்கள். இவருக்கும் வரவு இல்லை, அவருக்கும் வரவு இல்லை. நிதானமாகப் பேசித் தீர்த்தபின், உரியவர் கணக்குக்கு அது போகும். கடைக்கு வந்து நின்றவனை எந்த நாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

நான் கேட்பது இதைத்தான். இந்தத் தகராறுகளைத் தீர்க்க 2004-லிருந்தே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கு முடியும்வரை பழைய விலையில் படம் ஓடட்டும், வித்தியாசத் தொகை தீர்ப்பாயத்தில் அனாமத்தாகக் கிடக்கட்டும் என்று விதி செய்ய வேண்டும். முடியாத காரியம் இல்லை. 2004 மார்ச்சில் இந்திய அணி பாகிஸ்தான் போனபோது, உரிமை தனியார் சேனலிடம் இருந்தது, எல்லா வீட்டிலும் அது வராது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார்கள், அது உச்ச நீதிமன்றம்வரை போனது. தனியார் சேனலின் படத்தை அதன் விளம்பரங்களோடு அப்படியே தூர்தர்ஷன் காட்டலாம், அதற்குப் பிணையாக ஒரு தொகையைக் கட்டட்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு பாட்டுக்கு வழக்கு, ஆட்டம் பாட்டுக்கு ஆட்டம். சேவாக் முல்தானில் 309 அடித்தது அந்தச் சுற்றுப்பயணத்தில்தான்.

படம் வராத நாளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? எங்கே கேட்பது?
– துணிக்கடை ஊழியர், திருப்பத்தூர் (சிவகங்கை)

தாராளமாகக் கேட்கலாம். ஒரு சேனல் நின்றுவிட்டால், நின்ற நாளிலிருந்து அதன் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது விதி. முதலில் உங்கள் கேபிள் அல்லது டிடிஎச் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். அங்கே பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

20 ரூபாய்க்காகவா இவ்வளவு அலைச்சல் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லலாம். 20 ரூபாய் என்று நாம் விட்டது, கோடி வீடுகளில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்.

இந்திய அணி ஆடினால் தூர்தர்ஷனில் இலவசமாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருப்பதாகப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கேபிளில் தூர்தர்ஷனைப் போட்டால், ஆட்ட நேரத்தில் வேறு ஏதோ நிகழ்ச்சி ஓடுகிறது. சட்டத்தை மீறுகிறார்களா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தேவகோட்டை

மீறவில்லை சார். சட்டமே அப்படித்தான் பிரிந்து நிற்கிறது. நீங்கள் பாடம் நடத்தியவர், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்கள் என்று அரசு அறிவித்தவற்றை, உரிமை வாங்கிய தனியார் நிறுவனம், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள், ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஐபிஎல் கிடையாது. விளம்பர வருவாயில் 100-க்கு 75 தனியாருக்கு, 25 பிரசார் பாரதிக்கு. கேபிள்காரர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்பது வேறொரு சட்டம். ஆகவே பல ஆண்டுகள் கேபிள் வீடுகளிலும் தூர்தர்ஷன் வழியாக ஆட்டம் வந்தது. எங்கள் 340 வீடுகளில் கட்டணச் சேனல் வாங்க முடியாத வீடுகள் அப்படித்தான் பார்த்தன.

2017 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. பகிர்ந்துகொடுக்கும் படம் தூர்தர்ஷனின் சொந்தக் கோபுரம், சொந்த டிடிஎச் இரண்டில் மட்டும்தான் போக வேண்டும், தனியார் கேபிளில் போகக் கூடாது என்பது தீர்ப்பு. கேபிளில் இலவசமாகக் கிடைத்தால், கோடிகள் கொடுத்து உரிமை வாங்கியவனிடம் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொற்களை மாற்றி எழுத வேண்டியது நாடாளுமன்றம். மாற்றி எழுத வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

இந்தக் கதைக்கு வேர் 1993-ல் இருக்கிறது. அந்த நவம்பரில் வங்காள கிரிக்கெட் சங்கம் ஹீரோ கோப்பையின் ஒளிபரப்பு உரிமையைத் தூர்தர்ஷனுக்குக் கொடுக்காமல் வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. பெரிய சண்டை. கருவிகள் சுங்கத்தில் நின்றன. நீதிமன்றம் தலையிட்டு ஆட்டம் காட்டப்பட்டது. நவம்பர் 24, ஈடன் கார்டன், தென்னாப்பிரிக்காவோடு அரையிறுதி. கடைசி ஓவரில் அவர்களுக்கு 6 ரன் தேவை. பந்து டெண்டுல்கர் கையில். 3 ரன்தான் கொடுத்தார், இந்தியா 2 ரன்னில் வென்றது. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து புள்ளி புள்ளியாக வந்த அந்தப் படத்தை எங்கள் வளவில் ஐம்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். (அதற்கும் முன்னால், பனைமர உயரத்துக்கு ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினியில் ஆட்டம் பார்த்த வீடுகள் நம் பக்கம் உண்டு என்பது உங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.) அந்த வழக்கில்தான் 1995 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்று சொன்னது. அரசுக்கும் ஏகபோகம் இல்லை, தனியாருக்கும் ஏகபோகம் இல்லை. கண்மாய்த் தண்ணீர் மாதிரி, ஊருக்குப் பொது. மடையைத் திறக்கும் சாவி ஒருவரிடம் இருக்கலாம், தண்ணீர் அவருடையது ஆகிவிடாது.

உங்களுக்கு என்ன வழி என்று கேட்டால், டிடி ஃப்ரீ டிஷ் என்ற தூர்தர்ஷனின் சொந்தக் குடையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை செலவுதான், மாதக் கட்டணம் இல்லை. அந்தச் செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. தேவகோட்டையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கு. அந்தத் திசையில் வேப்பமரமோ பக்கத்து வீட்டு மாடியோ மறைக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். பழைய வீட்டு ஓட்டின் மேல் ஆளை ஏற்றாதீர்கள், ஓடு உடைந்தால் இந்தக் காலத்தில் அதே ஓடு கிடைக்காது.

ஆச்சி, 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் உலகக் கோப்பை வாங்கியபோது விடுதி அறையில் ஆறு பேர் ஒரே செல்பேசியில் பார்த்தோம். அதிலிருந்து இந்தியப் பெண்கள், ஆண்கள் ஆட்டம் எதையும் விடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் ஒவ்வொரு தொடரும் ஒவ்வொரு செயலியில் வருகிறது. எல்லாவற்றுக்கும் சந்தா கட்ட என்னிடம் பணம் இல்லை.
– கல்லூரி மாணவி, காரைக்குடி

ஆத்தா, உன் கடிதத்தைப் படித்ததும் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜெமிமா ஆட்டமிழக்காமல் 127 அடித்துவிட்டு அழுதது கண்ணில் வந்தது. அதைப் பார்த்த பெண்பிள்ளை ஆட்டத்தை விட மாட்டாள்.

செயலி ஏன் மாறுகிறது என்றால், உரிமையை விற்பவர் மாறுகிறார். இந்தியாவில் நடக்கும் தொடரை நம் கிரிக்கெட் வாரியம் விற்கிறது, உலகக் கோப்பையைச் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி விற்கிறது, இங்கிலாந்தில் நடந்தால் இங்கிலாந்து வாரியம் விற்கிறது. 2022 நவம்பரில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணம் பிரைம் வீடியோவில் வந்தது. 2025 கோடையில் ஆண்கள் அணி இங்கிலாந்து போனபோது தொலைக்காட்சியில் சோனி, செல்பேசியில் ஜியோஹாட்ஸ்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பை சோனி லிவ் செயலியில். ஐபிஎல் 2023, 2024 இரண்டு ஆண்டும் ஜியோசினிமாவில் இலவசம். இரண்டு பெரிய நிறுவனங்கள் இணைந்து 2025 பிப்ரவரி 14-ல் ஒரே செயலி ஆனதும், அந்த ஆண்டு செல்பேசிக்கான மூன்று மாதத் திட்டம் 149 ரூபாயில் தொடங்கியது. இலவசமாகப் பழக்கிவிட்டு விலை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அறுவடை முடியும்வரை சும்மா கொடுத்த மாட்டுக்கு, மறு வருடம் வாடகை கேட்கிற மாதிரி இருக்கிறது.

தொலைக்காட்சிச் சேனலுக்கு டிராய் விலை விதி உண்டு. செயலிச் சந்தாவுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஆகவே உன் கை உனக்கு உதவி. ஆண்டுச் சந்தா எடுக்காதே. தொடர் தொடங்கும் நாளில் இருக்கும் குறைந்த காலத் திட்டத்தை எடு, எடுத்த கையோடு தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடு. ரிசர்வ் வங்கி விதிப்படி தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு உனக்குத் தகவல் வர வேண்டும், அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளாதே. செல்பேசி ரீசார்ஜோடு சந்தா சேர்த்துத் தரும் திட்டங்களும் உண்டு. சந்தா எத்தனை நாளுக்கு, டெலிவிஷனிலும் பார்க்கலாமா என்று முதலில் கேள்.

2024 டிசம்பரில் நம் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதை, சதுரங்கக் கூட்டமைப்பே யூடியூபில் நேரலையாகக் காட்டியது. காசு கேட்கவில்லை, எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நம் தெருவில் குதிரைக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்கூடப் பார்த்தார்கள். புதிதாக ஒரு பிள்ளை ஆட்டத்துக்குள் வருவது அப்படித்தான்.

என் மகன் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கேயும் இப்படிச் சேனல் தகராறு வருமாமே, உண்மையா? அவ்வளவு பெரிய நாட்டிலுமா?
– ஒரு தாய், பள்ளத்தூர்

உண்மைதான். பார்க்கப்போனால் அங்கே இது ஆண்டுதோறும் வருகிற காய்ச்சல் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 31-ல், யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே, சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்தின் 1.4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் டிஸ்னியின் சேனல்கள் போய்விட்டன. செப்டம்பர் 11-ல், திங்கட்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்து தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது சமரசம். 2024 செப்டம்பரில் அதே டென்னிஸ் நேரத்தில் டைரக்டிவி வீடுகளில் இரண்டு வாரம். 2025 அக்டோபர் 30 இரவு, இணையம் வழியாகச் சந்தாவுக்குச் சேனல்கள் தரும் யூடியூப் டிவியில் டிஸ்னி சேனல்கள் நின்று நவம்பர் 14-ல்தான் திரும்பின. சந்தாதாரர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. சண்டை போட்ட இருவரும் பெரும் பணக்கார நிறுவனங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் இத்தனை டாலர் என்பதில் ஒத்துவரவில்லை. இழப்பீடாகச் சந்தாதாரர்களுக்கு 20 டாலர் கழித்துக் கொடுத்தார்கள். இங்கே எனக்குத் தெரிந்து அப்படித் தாமாகக் கழித்துக் கொடுத்தவர் இல்லை, அதனால் அதை மெச்சத்தான் வேண்டும்.

உங்கள் மகன் கிரிக்கெட் பார்ப்பது பெரும்பாலும் வில்லோ சேனலில் இருக்கும். அந்தச் சண்டை அவரைத் தொட்டிருக்காது. பேரப்பிள்ளைகள் அந்த ஊர்க் கால்பந்து பார்ப்பவர்கள் என்றால் தொட்டிருக்கும். அடுத்த முறை பேசும்போது கேளுங்கள். ஆயா இதைக் கேட்டாளே என்று அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எல்லாச் சேனலும் ஒரே செயலியில், ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் என்று ஒருவர் வந்து சொல்கிறார். அரிசி ஆலையில் இரவு வேலை பார்க்கும் ஆட்களுக்குப் போட்டுக் கொடுக்கலாமா?
– ஆலை உரிமையாளர், புதுவயல்

வேண்டாம். அது திருட்டுப் படம். நாளைக்கு அது நின்றால் புகார் கொடுக்க ஆள் இருக்காது, உங்கள் செல்பேசியில் உள்ள வங்கி விவரமும் அந்தச் செயலிக்குத் தெரிந்துவிடும். நிறுவனங்கள் நமக்குச் செய்வது அநியாயம் என்று பேச வாய் வேண்டுமானால் நம் கை சுத்தமாக இருக்க வேண்டும். கேபிளில் விளையாட்டுச் சேனலை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக, அதற்குரிய விலையில் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தொகுப்புதான் வாங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

சிராவயல் மஞ்சுவிரட்டையும் ஒரு நாள் ஏதாவது நிறுவனம் வாங்கிப் பூட்டிவிடுமோ ஆச்சி?
– காளை வளர்ப்பவர், சிராவயல்

பொட்டலில் நின்று பார்ப்பவனை யாரும் தடுக்க முடியாது. ஆனால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் தை மாதத்தில் செல்பேசியில்தான் பார்க்கிறார்கள். நேரலை உரிமையை யாருக்காவது எழுதிக்கொடுக்கும் நாள் வந்தால், ஊர்க்கூட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஊர்க்காரன் எங்கிருந்தாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று. பெரிய விளையாட்டுகளில் அந்த ஒரு வரியை யாரும் சேர்க்காததால்தான் இத்தனை கடிதமும் எனக்கு வருகிறது.

எங்கள் ஐயாவுக்கு 84 வயது. இந்தியா ஆடினால் காலையிலேயே குளித்து, விபூதி பூசி, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். இப்போது சில தொடர்கள் எங்கள் கேபிள் பேக்கில் (சேனல் தொகுப்பில்) வருவதில்லை, செயலியில்தான் வருகிறது. செல்பேசித் திரை அவருக்குத் தெரியவில்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். "இன்றைக்கு ஆட்டம் இல்லையா?" என்று என் அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். என்ன செய்வது?
– பேரன், ஊர் கோட்டையூர்

தம்பி, மற்றக் கடிதங்களுக்குக் கோபத்தோடு பதில் எழுதினேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்துபோய் இரண்டாம் கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

வசூலுக்குப் போகும்போது நான் பார்த்த வீடுகள் எத்தனை. பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வெளிநாடு. எட்டுத் தூண் உள்ள வளவில் இரண்டே பேர், ஒரு டெலிவிஷன். அந்தப் பெரியவர்களுக்கு ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அன்றைக்கு வீட்டில் ஆள் சத்தம் கேட்கும். மாலை ஆறு மணிக்கு மகனிடமிருந்து போன் வரும், "பார்த்தீர்களா?" என்று. பேச ஒரு விஷயம் இருக்கும். விலைப்பட்டியல் போடுகிறவர்கள் இந்த வீட்டு வாசலில் ஒரு நாள் வந்து நின்று பார்த்திருந்தால், திரையை அணைக்க அவர்கள் கை எழாது என்றே நான் நம்புகிறேன்.

முதலில் உங்கள் பேக்கில் தமிழ் வர்ணனை விளையாட்டுச் சேனல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். 2017 மே மாதத்திலிருந்து தமிழுக்குத் தனி விளையாட்டுச் சேனல் இருக்கிறது. பல வீடுகளில் பேக் மாற்றும்போது அது விழுந்துபோய்விடும், யாரும் கவனிப்பதில்லை. தனியாக எடுத்தால் ஒரு மாதத்துக்கு ஒரு தேங்காய் விலைதான் ஆகும். செயலியில் மட்டும் வருகிற தொடருக்கு, டெலிவிஷனோடு பொருத்துகிற சிறிய ஸ்டிக் ஒன்று வாங்கி, நீ ஊருக்கு வரும்போது மாட்டிவிடு. செயலி திறந்ததும் ஆட்டம் வருகிற மாதிரி வைத்து, ரிமோட்டில் அவர் அமுக்க வேண்டிய ஒரே பொத்தானில் சிவப்பு நெயில் பாலிஷால் பொட்டு வைத்துவிடு. எங்கள் இணைப்பில் முப்பது வீடுகளுக்கு அப்படிப் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். சந்தாத் திட்டம் டெலிவிஷனுக்கும் செல்லுமா என்று பார்த்து வாங்கு. செல்பேசிக்கு மட்டும் உள்ள மலிவுத் திட்டம் பெரிய திரையில் வராது.

அவர் வயதுக்காரர்களுக்கு வானொலி புதிதில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்லக் கேட்டு வளர்ந்த காதுகள். அகில இந்திய வானொலியில் முக்கியமான ஆட்டங்களுக்கு வர்ணனை இன்னும் உண்டு. படம் நின்ற நாளில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருக்கட்டும்.

நீ வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் வீடு எந்தத் தெரு, எந்த வளவு என்று ஒரு கார்டு எழுதிப் போடு. வருகிற சனிக்கிழமை காலை என் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். நெயில் பாலிஷ் என் பையில் இருக்கிறது.